முல்லைத்தீவில் எச்சரிக்கையைக் கையில் எடுப்பது யார்?

2025 நவம்பர் இறுதியில் நாட்டைப் புரட்டிப்போட்ட டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வெள்ளம் வடியும் முன்பே விவாதம் தொடங்கிவிட்டது. வளிமண்டலவியல் திணைக்களம் எந்தத் திகதியில் சொன்னது, அரசாங்கம் எந்தத் திகதியில் கேட்டது, இடையில் கழிந்த நாட்களுக்கு யார் பொறுப்பு என்று பாராளுமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் நாட்கள் எண்ணப்பட்டன.

அந்த விவாதம் அவசியமானதுதான். ஆனால் அது கொழும்பில் தொடங்கி கொழும்பிலேயே முடிகின்ற விவாதம். முல்லைத்தீவில் இருந்து பார்க்கும்போது கேள்வி வேறு. திணைக்களம் வெளியிட்ட அறிவித்தல், களப்போரத்திலோ குளத்தின் கீழோ வாழ்கின்ற ஒரு குடும்பத்துக்கு "அஸருக்கு முன் வீட்டை விட்டுப் புறப்படுங்கள், இந்தப் பாதையால் போங்கள், இந்தப் பாடசாலைக்குப் போங்கள்" என்ற பேச்சாக மாறிப் போய்ச் சேர்ந்ததா? அப்படி மாற்றிச் சொல்லும் அறிவும் அதிகாரமும் அந்த ஊரில் யாரிடம் இருந்தது?

நமது நாட்டில் அனர்த்த முன்னெச்சரிக்கை என்றால் கோபுரம், சைரன், ரேடார், கைபேசிச் செயலி என்றுதான் பேசுகிறோம். அதைச் செய்ய வேண்டிய ஆட்களை யார் பயிற்றுவிக்கிறார்கள், எந்த மொழியில் பயிற்றுவிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. எச்சரிக்கை செய்வதும் ஒரு தொழில். தாதி, மின்னியலாளர், நில அளவையாளர் போல அதையும் படித்துப் பழகித்தான் செய்ய வேண்டும்.

கருவி இருந்தது, ஆள் இருக்கவில்லை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா விடுமுறை நாளும் கூட. சுமாத்ராவுக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட அதிர்வு, கண்டிக்கு அருகே பல்லேகலயில் இருந்த நிலநடுக்கப் பதிவு நிலையத்திலும் பதிவானது. உலக வலையமைப்பைச் சேர்ந்த தரமான கருவி அது. ஆனால் அந்த நேரத்தில் அதை வாசித்து, "இது கடலடியில் நடந்திருக்கிறது, இவ்வளவு பெரியது, கிழக்குக் கரையைக் காலி செய்யுங்கள்" என்று சொல்ல அமர்த்தப்பட்ட ஆள் எவரும் இந்த நாட்டில் இருக்கவில்லை. அதிர்வுக்கும் கிழக்குக் கரையில் முதல் அலை மோதியதற்கும் இடையே ஒன்றரை மணி தொடக்கம் இரண்டு மணி நேரம் வரை இருந்தது. முல்லைத்தீவு நகரில் இருந்து உள்நாட்டுக்கு நடந்தே போய்ச் சேரப் போதுமான நேரம் அது.

நாடு முழுவதும் சுமார் 35,000 பேரை இழந்தோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேல். மருதமுனையும் சாய்ந்தமருதுவும் கல்முனையும் பட்ட பாட்டை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முல்லைத்தீவில் ஏறத்தாழ 3,000 பேர். நகரின் கரையோரம் தரைமட்டமானது.

அதே காலையில் புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் நடந்ததைப் பாருங்கள். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய அறிவு மையம் ஒன்று இருந்தது. தினமும் அலையின் உயரத்தை மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசிப்பது அதன் வேலை. சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். செய்தி மையத்துக்குப் போனது, ஒலிபெருக்கி பேசியது, சுமார் 500 குடும்பங்கள் கரையை விட்டு விலகின. அந்த ஒலிபெருக்கி விலை உயர்ந்த கருவி ஒன்றுமல்ல. தினமும் அதைப் பயன்படுத்திப் பழகிய ஆட்களும், அந்தக் குரலை தினமும் கேட்டு நம்பிப் பழகிய ஊரும் அங்கே இருந்தன.

சட்டமும் கோபுரமும்

சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாகி, மாவட்டந்தோறும் அதற்கு அலகுகள் வந்தன. 117 என்ற அவசர இலக்கம் வந்தது. கரையோரம் முழுவதும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. இந்து சமுத்திரத்துக்கென ஒரு சுனாமி எச்சரிக்கை அமைப்பு தோன்றியது. இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்களும் இப்போது அதிர்வு நடந்த சில நிமிடங்களில் தகவல் அனுப்புகின்றன.

ஆனால் கோபுரங்களில் பல பழுதடைந்து செயலிழந்து நிற்கின்றன என்ற செய்தியை அண்மைய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். டொப்ளர் ரேடாரின் கதை இன்னும் கவலைக்குரியது. தெனியாய பகுதியின் கொங்கல மலைக்கென வாங்கிய ரேடார், மலைக்கு ஏற்றும்போதே சேதமடைந்தது. ஜப்பான் உதவியுடன் புத்தளத்திலும் பொத்துவிலிலும் ரேடார்கள் அமைக்க 2017 இல் இணக்கம் காணப்பட்டது. அது ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, டித்வா வந்தபோதும் நாட்டிடம் இயங்கும் டொப்ளர் ரேடார் இருக்கவில்லை.

ரேடார் வர வேண்டும். கோபுரங்கள் திருத்தப்பட வேண்டும். ஆனால் இவை எல்லாம் நாளையே வந்துவிட்டாலும் முல்லைத்தீவின் சிக்கல் தீராது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன் வீடுகளை மண் மூடியது. அந்த நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஏற்கெனவே, ஒரு தடவைக்கு மேலாக, எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, கடிதம் இருந்தது. அந்தத் தொழிலாளர் குடும்பங்களை அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்கும் பொறுப்பு மட்டும் எவர் கையிலும் உறுதியாக இருக்கவில்லை.

நூறு மில்லிமீற்றர் என்றால் என்ன?

"வட மாகாணத்தின் சில இடங்களில் 100 மி.மீ. இலும் அதிகமான மழை பெய்யக்கூடும்." மாரி காலத்தில் இந்த வசனத்தை வானொலியில் கேட்காத நாளில்லை. இதில் என்ன விளங்குகிறது? ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மி.மீ. மழை பெய்தால் அது 10 கோடி லீற்றர் தண்ணீர். குளங்கள் வெறுமையாக இருக்கும் ஒக்டோபரில் அந்தத் தண்ணீர் வரப்பிரசாதம். எல்லாக் குளங்களும் வான் பாயும் டிசம்பரில் அதே தண்ணீர் ஊருக்குள் வரும். மழை அளவு ஒன்றுதான், விளைவு வேறு. "எவ்வளவு மழை" என்பதை விட "அந்த மழை எங்கே என்ன செய்யும்" என்று சொல்வதைத்தான் இன்று உலக வானிலை நிறுவனங்கள் வலியுறுத்துகின்றன. தாக்கத்தை வைத்து முன்னறிவித்தல் என்று அதைச் சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்ல வேண்டுமானால் ஊரின் நீரோட்டம் தெரிந்த ஆள் வேண்டும். முல்லைத்தீவின் வெள்ளம் முல்லைத்தீவில் பெய்யும் மழையால் மட்டும் வருவதில்லை. வவுனியாவின் வடக்கே ஊற்றெடுக்கும் பேராறு முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பி, மிச்சம் நந்திக்கடலுக்குப் போகிறது. கனகராயன் ஆறு இரணைமடுவில் தங்கி, வான்கதவுகள் திறந்தால் சுண்டிக்குளம் களப்பை நோக்கி ஓடுகிறது. முல்லைத்தீவில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை கீழே வந்துகொண்டிருக்கலாம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில் மூழ்கியபோது, இரணைமடுவின் கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை பல மாதங்கள் ஓடியது. கதவு திறப்பவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தவர். மழையைச் சொல்பவர் வளிமண்டலவியல் திணைக்களத்தவர். மக்களை எழுப்ப வேண்டியவர் கிராம அலுவலர். சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். இந்த நால்வரும் ஒரே வரைபடத்தை முன்னால் வைத்து ஒன்றாகப் பயிற்சி பெற்றிருந்தால் அந்த இரவு வேறு விதமாகக் கழிந்திருக்கலாம்.

அடுத்தது கடல்வாய். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சாலை என்று இந்த மாவட்டத்தின் கரை முழுவதும் களப்புகள். கோடையில் மணல் திட்டு வாயை மூடிவிடும். மாரியில் உள்ளே தண்ணீர் ஏறும். வாயை வெட்டிவிட்டால் நீர் கடலுக்குப் போகும். எப்போது, எங்கே, எவ்வளவு அகலம் வெட்டுவது என்பது மீனவர்களுக்கும் கமக்காரர்களுக்கும் இடையே பழைய பிணக்கு. நேரம் தவறி வெட்டினால் இறால் போய்விடும், வெட்டாமல் விட்டால் வயல் போய்விடும். ஒரு முறை திறந்துகொண்டால் அந்த நீர் இழுக்கின்ற வேகத்தைக் கண்டவர்களுக்குத்தான் தெரியும். டித்வாவின்போது சாலைப் பகுதியில் முகத்துவாரத்தை அகலப்படுத்தும் பணியில் இருந்த கடற்படையினர் ஐவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். கடலில் பழகிய, கட்டளைக்குப் பழகிய ஆட்களுக்கே அந்த நிலை. வெள்ளம் ஏறிய பிறகு வாய் வெட்டுவதை ஓர் அவசர வேலையாகச் செய்யாமல், மழைக்கு முன்பே கணக்கிட்டுச் செய்யும் பயிற்சி பெற்ற அணி ஒன்று இந்த மாவட்டத்துக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. வெள்ளம் மண்ணை அரிக்கும்போது வெடிபொருட்கள் இடம் மாறக்கூடும். மக்களை எந்தப் பாதையால் வெளியேற்றுவது என்பதைக் காலியில் எழுதிய கையேட்டை வைத்து இங்கே முடிவு செய்ய முடியாது.

அறுந்துபோன நினைவு

இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. 2004 அதிர்வின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இடங்களில் ஒன்று. அங்கு வாழ்ந்த சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907 இல் அந்தத் தீவைச் சுனாமி தாக்கியது. அன்று தப்பியவர்கள் "ஸ்மோங்" என்று அதற்குப் பெயர் வைத்து, நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வளர்த்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் அந்தக் கதை அறாமல் வந்தது. அதே அச்சேயின் பெருநிலப்பரப்பில், அந்தக் கதை இல்லாத இடங்களில், ஓரிலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

முல்லைத்தீவில் அப்படி ஒரு கதை அறாமல் வரச் சந்தர்ப்பம் இருந்ததா? 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, முல்லைத்தீவு நகர் முஸ்லிம்களும் போனார்கள். இருபது வருடங்களுக்கும் மேலாக புத்தளத்தின் முகாம்களில் வாழ்ந்தார்கள். சுனாமி முல்லைத்தீவைத் தாக்கிய அன்று அவர்கள் அங்கே இல்லை. எந்த மாதத்தில் எந்த வாய்க்கால் பெருகும், எந்த வளவில் தண்ணீர் தேங்கும் என்று தெரிந்த மூத்த தலைமுறையின் பெரும்பகுதி புத்தளத்திலேயே மண்ணுக்குப் போய்விட்டது. 2009 இற்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களில் பலருக்கு, குறிப்பாக பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும், இந்த மண் புதிது.

தமிழ் மக்களின் நிலையும் இதிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல. சுனாமியில் தப்பிய கரையோரச் சனம் நான்கு வருடத்துக்குள் யுத்தத்தின் கடைசி மாதங்களுக்குள் தள்ளப்பட்டு, பிறகு மெனிக் பாம் முகாமில் அடைபட்டு, 2012 வரை கட்டம் கட்டமாகத் திரும்பியது. கரையில் இருந்தவர் உள்ளே குடியேறினார், உள்ளே இருந்தவர் கரைக்கு வந்தார். பருவத்துக்குப் பருவம் தென்பகுதி மீனவர்களும் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து வாடி அடிக்கிறார்கள். அயலவரை அயலவருக்குத் தெரியாத இடங்களும் உண்டு. நினைவு தானாகக் கைமாறாத ஊரில் பயிற்சிதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். காலியை விட, மாத்தறையை விட, முல்லைத்தீவுக்கு இந்தப் பயிற்சி கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான்.

எந்த மொழியில்?

சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள் என்பது 1987 முதல் அரசியலமைப்பில் உள்ளது. ஆனால் டித்வாவின் நாட்களில் அரச நிறுவனங்களின் சமூக ஊடகப் பக்கங்களில் பல எச்சரிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்து, தமிழில் தாமதமாக வந்தன அல்லது வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. வடக்கில் மட்டுமல்ல, மூதூரில், அக்குறணையில், கம்பளையில், மலையகத் தோட்டங்களில் இருந்த தமிழ் பேசும் மக்கள் அனைவரையும் பாதித்த விடயம் இது. வீதி மூடல் பற்றிய அறிவித்தல் மூன்று மணி நேரம் தாமதித்தால் பொறுத்துக்கொள்ளலாம். மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை மூன்று மணி நேரம் தாமதித்தால் அந்த வீட்டில் கேட்க ஆள் இருக்காது.

இதற்கு இனவாதம்தான் காரணம் என்று சொல்லிவிட்டு எழும்புவது இலகு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் நள்ளிரவில் பணியில் இருந்து, வளிமண்டலவியல் அறிவித்தலைத் தமிழில் நேரடியாக எழுதத் தெரிந்த அலுவலர்கள் எத்தனை பேரை நமது கல்வி முறை உருவாக்கியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை எழுப்பிச் செய்யும் வேலையல்ல இது. விடயம் தெரிந்தவரே தமிழில் சிந்தித்து எழுத வேண்டும்.

இந்த வெற்றிடத்தை நிரப்பியவர் யார் என்று வடக்கில் எந்த மீனவரைக் கேட்டாலும் ஒரு பெயர் சொல்வார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா தனது முகநூல் பக்கத்தில் எழுதும் வானிலைக் குறிப்புகளை வடக்கு, கிழக்கு மக்கள் பத்திரமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். எந்தப் பிரதேசம், எந்த நாள், என்ன செய்ய வேண்டும் என்று நல்ல தமிழில் சொல்கிறார். அவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் ஒரு மாகாணத்தின் உயிர்ப்பாதுகாப்பு ஒரு தனிமனிதரின் முகநூல் பக்கத்தில் தங்கியிருப்பது நல்ல ஏற்பாடல்ல. அவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன செய்வோம்? அவரைப் போன்ற இருபது பேர், அரச சம்பளத்தில், முறை போட்டு வேலை செய்யும் நிலை வர வேண்டும்.

பயிற்சியே இல்லை என்று சொல்லவில்லை. பேராதனையில் அனர்த்த முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் படிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2016 இல் தொடங்கிய கபரே என்ற திட்டம், இலங்கை உட்பட ஆசிய நாடுகளின் பல்கலைக்கழகங்களைப் பல்லனர்த்த முன்னெச்சரிக்கைக் கல்விக்காக இணைத்தது. ஜப்பானுக்கும் பேங்கொக்குக்கும் அலுவலர்கள் பயிற்சிக்குப் போகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், பட்டப்பின் மட்டத்தில் நடப்பவை. அடியில், கிராம மட்டத்தில், ஒருநாள் செயலமர்வும் மதிய உணவுப் பார்சலும் சான்றிதழும். அந்தக் கிராம அலுவலர் இடமாற்றம் பெற்றுப் போனால் பயிற்சியும் அவரோடு போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய படி, அதாவது க.பொ.த. உயர்தரம் முடித்த ஓர் இளைஞனோ யுவதியோ தமிழில் ஆறு மாதமோ ஒரு வருடமோ படித்து ஒரு தொழிலாகச் செய்யக்கூடிய படி, நம்மிடம் இல்லை.

நிவாரணத்தில் முந்தும் நாம்

நமது சமூகத்தின் பக்கம் வருவோம். வெள்ளம் வந்த மறுநாள் நமது பள்ளிவாசல்கள் செய்யும் பணியை மாற்று மதத்தவரும் மெச்சுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். சமைத்த உணவு, உலர் உணவுப் பொதி, உடுப்பு, கிணறு இறைத்தல் என்று சொல்லாமலே நடக்கும். டித்வாவிலும் அப்படித்தான். கொழும்பில் இருந்து லொறிகள் எங்கெங்கோ போயின. ஆனால் வெள்ளத்துக்கு முதல் நாள் நமது நிறுவனங்கள் என்ன செய்தன என்று கேட்டால் பதில் மெலிந்துவிடும்.

2024 நவம்பர் 26 ஐ மறக்க முடியாது. காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் குறுக்கறுத்த வீதியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர்களும் கூடச் சென்றவர்களும் உயிரிழந்தார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. இதில் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. விடுமுறை விடுவது எப்போது, பிள்ளைகளை அனுப்புவதா தங்க வைப்பதா, எந்த அறிவித்தலைப் பார்த்து முடிவெடுப்பது என்பதற்கு நாடு முழுவதும் உள்ள மத்ரஸாக்களில் எத்தனையிடம் எழுதப்பட்ட நடைமுறை உண்டு? ஓடும் வெள்ளம் முழங்கால் அளவு வந்தாலே ஆளை நிலைகுலைய வைக்கும், அதைவிடச் சற்றுக் கூடினால் வாகனத்தையே தள்ளும் என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். அதை உஸ்தாதுமாருக்கும் சாரதிகளுக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பங்களாதேஷைப் பார்த்து இதைக் கற்கலாம். 1970 இன் போலா சூறாவளியில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு செம்பிறைச் சங்கமும் அரசாங்கமும் சேர்ந்து சூறாவளித் தயார்நிலைத் திட்டத்தை ஆரம்பித்தன. இன்று அதில் சுமார் 76,000 தொண்டர்கள். ஒவ்வொரு ஊரிலும் இன்னார் கொடி ஏற்றுவார், இன்னார் மெகாபோனுடன் போவார், இன்னார் முதியவர்களைத் தூக்குவார் என்று பெயர் குறித்து வைத்திருக்கிறார்கள், வருடந்தோறும் ஒத்திகை பார்க்கிறார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அங்கே எச்சரிக்கை அமைப்பின் ஓர் அங்கம். 1991 இல் கூட 1,38,000 பேரளவில் இறந்த நாட்டில், 2020 இன் அம்பான் சூறாவளியில் இறந்தவர்கள் சில பத்துப் பேர். பல இலட்சம் மக்கள் அதற்கு முன்பே பாதுகாப்பிடங்களுக்குப் போய்விட்டார்கள்.

அந்த நாடு பிந்தி, பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் பெண்களைப் பற்றியது. 1991 இல் இறந்தவர்களில் பெண்கள் ஆண்களை விட மிக அதிகம். எச்சரிக்கை சந்தைக்கும் பள்ளிக்கும் வந்தது, வீட்டுக்குள் போகவில்லை. கணவன் வரும் வரை வெளியேறத் தயங்கிய பெண்கள் இருந்தார்கள், பாதுகாப்பிடத்தில் மறைவில்லை என்று போக மறுத்தவர்களும் இருந்தார்கள். நமது கிழக்குக் கரையிலும் சுனாமியில் பெண்களின் இழப்பே அதிகம். இன்று பங்களாதேஷின் தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள். நீராவிப்பிட்டியில் ஒலிபெருக்கியில் சொன்னால் எல்லோருக்கும் கேட்கும் என்று நினைக்கலாம். கேட்டது வேறு, எழும்பி நடந்தது வேறு. அந்த வீட்டுத் தாய்க்குத் தெரிந்த இன்னொரு பெண் வாசலில் வந்து நின்று, "வாங்க ராத்தா, பிள்ளைகளை நான் பிடிக்கிறேன்" என்று சொன்னால்தான் பல வீடுகளில் கதவு திறக்கும்.

என்ன செய்யலாம்?

தேவையான நிறுவனங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனியாக இயங்குகிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வருடா வருடம் வெள்ளத்தைக் கண்ணால் காண்கிறது. இந்த மூன்றும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடன் சேர்ந்து தமிழில் ஒரு சான்றிதழ் கற்கையைத் தொடங்கத் தடையாக எதுவும் இல்லை. தேசிய தொழில் தகைமைச் சட்டகத்துக்குள் அதைக் கொண்டுவந்தால், படித்தவருக்குப் பிரதேச செயலகத்திலும் நீர்ப்பாசனத்திலும் உள்ளூராட்சி மன்றத்திலும் வேலைக்கு வழி பிறக்கும். உயர்தரத்தில் புவியியல் படித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் நமது பிள்ளைகளுக்கும் அது ஒரு கதவு.

பாடத்திட்டத்தில் கணினி மாதிரிகள் பின்னால் வரட்டும். வானிலை அறிவித்தலை வாசித்து அதை ஊரின் பேச்சில் திருப்பிச் சொல்வது முதலில் வேண்டும். குளத்தின் அளவுகோலை வாசிக்கவும், வான்கதவு திறந்தால் எத்தனை மணி நேரத்தில் எந்த ஊருக்கு நீர் வரும் என்று கணிக்கவும் தெரிய வேண்டும். படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, யுத்தத்தில் கால் இழந்தவர் எந்த வீட்டில் என்ற பட்டியலை மாதந்தோறும் புதுப்பிக்கப் பழக வேண்டும். "குளம் உடைந்துவிட்டது" என்று வட்சப்பில் வரும் குரல்பதிவைப் பத்து நிமிடத்துக்குள் சரிபார்க்கும் வழியும் தெரிய வேண்டும். இதில் வதந்தியை மட்டும் நினைத்துவிடக் கூடாது. டித்வாவில் மாவிலாறு அணைக்கட்டு உண்மையாகவே உடைப்பெடுத்தது. பொய் எது மெய் எது என்று சொல்லக்கூடிய, ஊர் நம்பும் ஒரு குரல் வேண்டும்.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதும் ஒரு திறமை. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடலடி அதிர்ந்தது. இலங்கைக் கரையோரம் முழுவதும் மக்கள் உள்ளே ஓடினார்கள். அலை வரவில்லை. கடலடித் தட்டுகள் மேலெழாமல் பக்கவாட்டில் உராய்ந்ததால் தண்ணீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. அதை அன்று மாலையே மக்களுக்கு விளக்கிச் சொல்லியிருந்தால் நல்ல ஒத்திகையாகவே அது முடிந்திருக்கும். விளக்கம் இல்லாததால் "சும்மா ஓட வைத்தார்கள்" என்ற பேச்சுத்தான் பல இடங்களில் மிஞ்சியது.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. ஒவ்வொரு மஹல்லாவும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பெயர் குறித்து, மாவட்ட அனர்த்த முகாமைத்துவ அலகில் பதிந்து, பயிற்சிக்கு அனுப்பலாம். மின்சாரம் போனாலும் ஒலிபெருக்கி இயங்க ஒரு பற்றரியும் ஒரு சூரியத் தகடும் போதும். அயலில் உள்ள கோவிலுடனும் தேவாலயத்துடனும் ஒரே வாசகத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஒரு செய்தி மூன்று ஒலிபெருக்கியில் மூன்று விதமாகக் கேட்டால் எவரும் நகர மாட்டார்கள். நிவாரணத்துக்கெனச் சேரும் பணத்தில் ஒரு சிறு பங்கை இரண்டு பிள்ளைகளின் கற்கைக்கு ஒதுக்க முடியுமா என்பதை உலமாக்களும் நிர்வாகிகளும் உட்கார்ந்து பேசலாம்.

காலக்கெடுவும் நம்மிடம் தெளிவாக இருக்கிறது. வன்னியில் பெரும்போக விதைப்பு ஒக்டோபரில் தொடங்கும். பர்மா தொடக்கம் பாக்கு நீரிணை வரை வங்கக் கடலில் தாழமுக்கங்கள் உருவாகும் காலம் நவம்பரும் டிசம்பரும். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவியும், 2024 நவம்பர் வெள்ளமும், டித்வாவும் இந்த இரண்டு மாதங்களுக்குள் வந்தவைதான். குளக்கட்டுகளைப் பார்வையிடுவது, களப்பு வாய்களை அளப்பது, வீட்டுப் பட்டியல் எடுப்பது, ஓர் ஒத்திகை நடத்துவது எல்லாம் செப்டெம்பருக்குள் முடிய வேண்டும். நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் அந்த இரண்டு பெயர்களை எழுத ஜூம்ஆவுக்குப் பிந்திய அரை மணி நேரக் கூட்டம் ஒன்று போதும்.